ஏழாவது விதி

தூத்தூர், மறைக்கல்வி அறை. மேசையில் மூன்று பட்டியல்கள்.
பங்குக்கோயிலுடையது ஒன்று, மீன்வளத் துறையுடையது ஒன்று,
கவரத்தித் தீவிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான மூன்றாவதில்
கரையேறியவர்கள்.
அதற்குப் பின் தீவுக்கு லைன் கிடைக்கவில்லை.

ஒன்றில் ததேயு, ஒன்றில் ததேயூஸ்,
தீவுக்காரர் கையெழுத்தில் தாடியஸ்.
ஆள் ஒன்றா, இரண்டா, மூன்றா?

முதல் இரவு வெறும் தர்க்கத்தால் எழுதினேன்.
விதி நான்கு: ஒரே கைபேசி எண் என்றால் ஒரே ஆள்.
விதி ஏழு: ஒரு பயணத்தில் ஓர் ஆளுக்கு ஒரே படகு.
எண் ஒன்றுதான்.
படகு வேறு.

முரண்பாடு ஒன்று உள்ளே வந்துவிட்டால்
எதையும் நிரூபிக்கலாம் என்று
நாகர்கோவிலில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன் நான்.
அதிகாலை இரண்டு மணிக்கு
நாற்பத்து மூன்று பேரும் கரையேறியதை நிரூபித்தது நிரல்.
அடுத்த வரியில்
யாருமே கடலுக்குப் போகவில்லை என்பதையும்.
இரண்டிலும் ஒரு பிழை இல்லை.
வராந்தாவில் பெண்கள் உறங்காமல் இருந்தார்கள்.
திரையை மூடினேன்.

படகுக் கணக்கு எழுதும் ஆன்சலின்தான் சொன்னாள்:
“பல்லுவலி வந்தா நடுக்கடல்ல வச்சே
திரும்புற போட்டுல ஏறிருவாவ. பேரை யாரு மாத்தி எழுதுவா?”
எத்தனை தடவை அப்படி, என்றேன்.
ஐஸ், டீசல், பற்று என்று பழைய ஏடுகளைப் புரட்டி
விரல்விட்டு எண்ணினாள்.
நூறு ஓட்டத்துக்கு மூன்று.

பிறகு ஒவ்வொரு விதிக்கும் ஓர் எடை வைத்தேன்.
விதியை மீறிய உலகம் இல்லாத உலகமல்ல,
மெலிந்த உலகம்.
அவர்கள் ஒரே ஆளாக இருக்கும் உலகங்களை ஒரு பக்கம் கூட்டி
மொத்தத்தால் வகுத்தால்
நூற்றுக்கு அறுபத்திரண்டு.
தாலுகா அலுவலகப் படிவத்திலோ
ஆம், இல்லை, இரண்டே கட்டங்கள்.

செலஸ்டினா எண்ணைக் கேட்கவில்லை.
“எந்த விதி உடைஞ்சா அவிய வருவாவ?”
“ஏழு.”
“எது உடைஞ்சா வரமாட்டாவ?”
“நாலு. போனை வேற யாருக்காவது குடுத்திருந்தா.”
“குடுக்கமாட்டாவ. உசிரு மாதிரி வச்சிருப்பாவ.
தங்கச்சி மாப்பிளைக்கு மட்டும், அன்னைக்கு…”

நிறுத்திவிட்டாள்.
பாதி வாக்கியம். ஆனாலும் சாட்சியம்.
ஆன்சலின் ஏட்டை மூடி
அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.
நான் எதையும் தட்டவில்லை, இன்னும்.
காகிதம் கேட்டு
அச்சுப்பொறியின் சிவப்பு விளக்கு
அணைந்து அணைந்து எரிந்தது.