வாளிக்குள் நாற்பது டிகிரி

கப்பலில் சமைக்கும் கொழுந்தன் விபின்ராஜ்
கொண்டுவந்து தந்த கம்பி. பெயர் சூவீட்.
"வெந்நீரில் போட்டால் மைனி,
ஆறு மணிநேரத்தில் இறைச்சி பஞ்சு."
ஆறு மணிநேரமா?
சாளைக்கறி இறக்க எனக்குப் பத்து நிமிடம்.

ஆனி மழையில் பொங்காமல் கிடந்தது ஆப்பமாவு.
வாளியில் கம்பியை இறக்கினேன்.
விடியுமுன் மூடியைத் தள்ளிவிட்டது மாவு.

பிறகு உறைந்த ரப்பர்த்தேன், பத்துக் குப்பி.
நாற்பதில் இளகியது, மணம் போகாமல்.
மார்த்தாண்டம் கடைக்காரர்
தேனில் குறை கிடைக்காமல்
விலையில் கண்டுபிடித்தார்.

நேற்று பால்வெட்டு முடிந்து வந்தவர்
பேசாமல் வாளிக்குள் காலை விட்டார்.
கூடவுமில்லை, குறையவுமில்லை சூடு.
இந்த வீட்டில் அப்படி
வேறு யாருமில்லை.

போனில் விபின்ராஜ்:
"இறைச்சி வெந்துதா மைனி?"
வாளியைப் பார்த்தேன்.
"வெந்துட்டிருக்கு."