வாடகைச் சக்கரம்

சக்கரத்தை முதலில் விற்றதுதான் பிசகு.

என்ஜின் பாலக்கோட்டுக்குப் போனது.
கதவு நான்கும் ஓசூர்ப் பட்டறைக்கு.
முன் சீட்டுகள் இரண்டும் பஸ் நிலையத்து சலூனில்
முறைக்குக் காத்திருப்பவர்களைத் தாங்குகின்றன.
ஹாரனை மட்டும் கேட்டு வாங்கிப்போனான்
மாங்கூழ் ஆலை லாரி ஓட்டும் நஞ்சுண்டன்.
முழுசாகக் கேட்டவன் பதினெட்டாயிரம் சொன்னான்,
பிரித்து விற்றதில் முப்பத்தொன்று தேறியது.
கணக்கில் நான் ஜெயித்திருந்தேன்.

மிஞ்சியது கூடு.
காவேரிப்பட்டணத்தில், என் வாசலில்,
நான்கு கிரானைட் துண்டுகள்மேல்
பல் பிடுங்கிய வாய்போல் திறந்து நின்றது.
உருட்ட முடியாது. தூக்க ஆளில்லை.
எதிர்வீட்டு ருக்மாங்கதன்
கொசு வரும் என்றார், பாம்பு வரும் என்றார்,
பேரூராட்சி வரும் என்றார்.
முதல் இரண்டும் வந்தன.

மாதம்மாளுக்கு அதன்மேல் குறையில்லை.
கூரைத் தகட்டில் புளி காயப்போட்டிருந்தாள்.
"பாயில போட்டா மூணு நாளு. இதுல ஒண்ணரை.
இன்னும் ஒரு வாரம் பொறு,
கொட்டை எடுத்துடறேன்."
பதினான்கு வருஷம் ஓடிச் சம்பாதித்தது
நின்றும் சம்பாதிக்கிறது
என்று அவள் சொல்லவில்லை.
நானாக நினைத்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரி இரும்புக்கடை கவுஸ் பாஷா
போனில் கறாராகச் சொன்னார்:
"ஆர்.சி. கொண்டா. சேசிஸ் நம்பரை வெட்டித் தரேன்,
ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல குடுத்துடு.
ஆனா கூடு இங்க வரணும்.
நான் அங்க வரமாட்டேன்."

அப்புறம்தான் திம்மராயனிடம் போய் நின்றேன்.
என் சக்கரங்கள் அவன் இளநீர் வண்டியில் இருந்தன.
"வித்த பொருளை வாடகைக்குக் கேக்கற ஆளை
இப்பத்தான் பாக்கறேன்" என்றான்.
இரண்டு சக்கரம், ஒரு பகல், இருநூறு ரூபாய்.
அவன் வண்டி செங்கல்மேல் ஏறியது,
என் கூடு கல்லைவிட்டு இறங்கியது.

மூக்கைச் சங்கிலியால் தூக்கி
டிராக்டர் கொக்கியில் மாட்டினோம்.
காதைப் பிடித்துக் கடன்காரனை இழுப்பதுபோல் போனது.
நான் உள்ளே, வெறுந்தகட்டில் சப்பணமிட்டு,
பழக்கத்தில் வலப்பக்கம்.
தென்பெண்ணைப் பாலத்தில்
காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது,
கண்ணாடியை ஏத்துப்பா என்று சொல்ல
சவாரி யாருமில்லை.
கால் இரண்டு தடவை பிரேக்கைத் தேடிற்று.

சாவடியில் காவலர் நிறுத்தினார்.
"புக் இருக்கா?"
நீட்டினேன்.
இருக்கைகள் ஐந்து என்றிருந்த வரியில் விரல் வைத்து
கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.
தாளைச் செருகிக் கொடுக்க
கண்ணாடி இருந்த இடத்தைக் கை தேடியது.
பிறகு சிரித்து, போ என்றார்.

எடைமேடையில் இருநூற்று எண்பது கிலோ,
சக்கரம் நீக்கி.
பின் தூண் மடிப்பில் மஞ்சள் அரிசி நாலைந்து
பிசினோடு ஒட்டியிருந்தது.
எந்தக் கல்யாணமோ. சந்தூரோ, பர்கூரோ.
அதையும் சேர்த்துத்தான் எடை.
கிலோ இருபத்தேழு.

கேஸ் கட்டர் சீறியது.
உள்ளங்கை அகலத் தகடு தனியே விழுந்தது,
எண்கள் மட்டும் இன்னும் வண்டியாக.
சட்டைப்பையில் போட்டேன், சுட்டது.
எடுத்து வேட்டி நுனியில் சுற்றிக்கொண்டேன்.
திரும்பிப் பார்ப்பதற்குள்
கூரையை மிதித்து மடக்கியிருந்தார்கள்.
புளி வாசனை அடித்ததாக ஒரு பையன் சொன்னான்.

டிராக்டர்காரன் வேறு சோலிக்குப் போய்விட்டான்.
டவுன் பஸ்ஸில் ஏறினேன்,
முழங்கால்களுக்கு நடுவே இரண்டு சக்கரம்.
இதே சாலையில் எத்தனை பஸ்ஸை
ஒதுங்கவைத்து முந்தியிருப்பேன்.
கண்டக்டர் கேட்டார்:
"சக்கரம் இருக்கு. மீதி வண்டி எங்கண்ணே?"
கேட்டுவிட்டு
இரண்டுக்கும் லக்கேஜ் கிழித்தார்.

இருட்டுமுன் ஒப்படைத்தேன்.
திம்மராயன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.
"ஒண்ணுல காத்து கம்மி."
பத்து ரூபாய் பிடித்துக்கொண்டான்.