மூன்று காலன்

வில்காராவில் இப்போது நான்கு சுவர்கள் நிற்கின்றன.
நான்கும் ஒரே வீட்டுடையவை அல்ல.

தொண்ணூற்றாறில் இங்கே இரண்டாயிரம் பேர்.
பொன் இருந்தது. தண்ணீர் இல்லை.
உப்பேரியை இரும்புத் தொட்டியில் காய்ச்சி
ஆவியைத் தகரக் குழாயில் நடத்தி
சொட்டுச் சொட்டாய்ப் பிடித்து விற்றவர்
என் பாட்டனின் அப்பா, ஜேபஸ் டிரெகென்சா.
காலன் இரண்டு ஷில்லிங்.
பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தான் என்றால்
அந்த ஊரில்
எண்ணி எண்ணிச் செலவழித்தான் என்று பொருள்.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு.
காய்ச்சலில் கூடாரம் கூடாரமாய்ச் செத்த கோடையில்
பிணம் கழுவக் கேட்டு வந்தவரிடம்
ஜேபஸ் காசு வாங்கியதே இல்லை.
கிறிஸ்துமஸ் மேசையில்
கறியில் கத்தி இறங்கும் முன்
யாராவது இதைச் சொல்வார்கள்.
நானும் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் பாலரட்டிலிருந்து ஒரு கடிதம்.
டிலிஸ் ப்ரோசர், வயது எழுபத்தொன்று.
குடும்ப வேதாகமத்தின் முதல் தாளில்
கிரிஃபித்துக்கும் ஹன்னாவுக்கும் நடுவே
ஒரு வரி சுரண்டப்பட்டிருக்கிறதாம்.
"இடையில் ஒன்று பிறந்ததா அங்கே?
பதிவேட்டில் இல்லை என்கிறார்கள்.
கல்லறைத் தோட்டத்து மரச்சிலுவைகள்
வெள்ளத்தில் போய்விட்டனவாம்.
உங்களிடம் பழைய கணக்கு இருப்பதாகக் கேள்வி."

இருந்தது. கொட்டகையில்
ஆட்டு மருந்து டப்பாக்களுக்குப் பின்னால்,
எலி தின்றது போக ஒன்றரைப் பேரேடு.

நவம்பர் 3. ப்ரோசர். இரண்டு காலன். குழந்தைக்கு.
நவம்பர் 14. ப்ரோசர். மூன்று காலன். அதே குழந்தைக்கு.
பொன்துகள், இருபது குன்றிமணி எடை.
பெறப்பட்டது.

கையெழுத்து நேராக ஓடுகிறது.
ஆணா பெண்ணா என்று கேட்டிருக்கவில்லை.
எவ்வளவு என்றுதான் கேட்டிருக்கிறார்.
அந்த மூன்றாவது காலன் எதற்கு?
துணிக்கா, தாய்க்கா,
வந்து நின்ற நாலு பேர் கை கழுவவா,
தெரியவில்லை.

அந்தக் கோடை முழுவதும் புரட்டினேன்.
கதை பொய் என்று சொல்ல மாட்டேன்.
இலவசமாய்க் கொடுத்ததை யார் கணக்கெழுதுவார்கள்?
கொடுத்திருக்கலாம், நிறையப் பேருக்கு.
கொடுத்திருந்தால்
அந்தப் பிள்ளைகள் எங்கேயும் இல்லை.
கறாராய்க் காசு வாங்கப்பட்ட
இது ஒன்றுதான் பிறந்திருக்கிறது.
பதினொரு நாள் இருந்திருக்கிறது.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
முதல் இரண்டு வரிகளைப் படியெடுத்தாயிற்று.
'பெறப்பட்டது' என்ற இடத்தில்
பேனா நின்றுகொண்டது.
தேநீர் ஆறியது.
வெளியே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது,
எழுந்துபோய் இறுக்கிவிட்டு வந்தேன்.

பிறகு சவர அலகு எடுத்து
பேரேட்டிலிருந்து தாளையே அறுத்தேன்.
மடிக்காமல் உறையிலிட்டேன்.
அது எங்கள் வீட்டில் இருக்க வேண்டியதில்லை.
அவர்கள்
விலை கொடுத்து வாங்கியது.