சாட்சிக்கு வயது நாலரை

மூன்று வயதில் வேணுஜா
விறாந்தை நடுவில் நின்று
இரண்டு கையாலும் கண்ணைப் பொத்துவாள்.
"ஒளிச்சிட்டன் அப்பா, தேடுங்கோ."
கதவுக்குப் பின்னால், கதிரைக்குக் கீழே,
பிறிஜ்ஜைக்கூடத் திறந்து பார்ப்பேன்.
அவளுக்கு இருட்டென்றால் எனக்கும் இருட்டு.
கொக்குவில் முழுக்க அப்போது
ஒரேயொரு சோடிக் கண்தான்.

நோர்வேயிலிருந்து தயாளன் மாமா எடுப்பார்.
"பிள்ளை சாப்பிட்டிட்டியோ?"
தலையாட்டுவாள்.
"ஹலோ? ஹலோ?"
இன்னும் பலமாக ஆட்டுவாள்,
தோடு கன்னத்தில் அடிக்க.
பனிக்குள் நிற்கிற மனுசன்
லைன் கட்டாகிவிட்டதென்று வைத்துவிடுவார்.

பால்மா ரின்னுக்குள் செத்தல் மிளகாய்.
திறந்து காட்டி, மூடி, கேட்டேன்:
"அம்மா இன்னும் காணேல்லை.
உள்ளுக்கு என்ன எண்டு நினைப்பா?"
"மிளகாய்,"
இதென்ன விசர்க் கேள்வி என்கிற முகத்தோடு.
தன் தலைக்குள் நிரம்பியது
தண்ணீர்த் தாங்கியிலிருந்து வருவதுபோல
எல்லாருடைய குழாயிலும் வருமென்று
நம்பியிருந்தாள்.

ஆகவே என் பாடு திண்டாட்டம்.
எனக்குச் சீனி வருத்தம்.
இருநூற்றுப் பதினெட்டு என்ற ரிப்போர்ட்டை
கலண்டர் ஆணியிலேயே குத்திவைத்திருந்தாள் சுகிர்தா.
சனிக்கிழமைகளில் நானும் மகளும்
மோட்டார் சைக்கிளில் நல்லூருக்கு.
அவளுக்கு ஒரு கோன்.
எனக்கு உயரக் கண்ணாடிக் கோப்பையில் மூன்று நிறம்,
உச்சியில் ஒரு செரிப்பழம்.
திரும்பிவந்து கேற்றைத் திறக்க முதலே
"அப்பாவும் குடிச்சவர்!"
கோள் சொல்கிற குரலே கிடையாது.
அம்மாவும் நனைந்த மழையைப் பற்றி
அம்மாவோடு கதைக்கிற மாதிரி.

எப்போது மாறியதென்று தெரியாது.
பல் முளைத்தால் விரலில் தட்டுப்படும்.

ஒரு மாசிச் சனி.
கேற்றடியில் சுகிர்தா, கையில் ஈர உடுப்பு.
"அப்பாவும் குடிச்சவரோ?"

வேணுஜா வாயைத் திறந்தாள்.
மூடினாள்.
என் மீசையைப் பார்த்தாள்.
அம்மாவைப் பார்த்தாள்,
அம்மா என் மீசையைப் பார்க்கிறாளா என்று.
ரயில் கடவையில் மணி அடித்தது.
யாழ்தேவி முழுதும் கடந்து போய் முடிந்தது.

"இல்லை. அப்பா தண்ணிதான் குடிச்சவர்."

முதற் பொய்.
அந்தச் சின்னத் தலைக்குள்
எத்தனை சாமான் ஏற்றவேண்டியிருந்திருக்கும்:
தான் கண்டதை அம்மா காணவில்லை,
காணாததால் தெரியாது,
தெரிந்தால் கோபம் வரும்,
இந்த மனுசன் பயந்துபோய் நிற்கிறார்.
முப்பத்தெட்டு வயதில்
சில நாட்களில் எனக்கே இவ்வளவும் ஓடாது.

ஏசுவதா, தூக்கிக் கொஞ்சுவதா?
ஹெல்மெட்டைக் கழற்றினேன்.
சுகிர்தா உடுப்பை உதறிக் கொடியில் போட்டாள்,
வழமையைவிடக் கொஞ்சம் பலமாக.
அவளுக்குத் தெரிந்தது.
தெரிந்தது என்பது எனக்கும் தெரிந்தது.
வேணுஜாவுக்கு மட்டும் அது தெரியாது,
அந்தப் பாடம் இன்னும் வரவில்லை.

அடுத்த கிழமை ஐஸ்கிரீம் இறங்கவில்லை.
எதிரே கோனை நக்கிக்கொண்டு
அவள் என்னைப் பார்த்தபடி இருந்தாள்.
கோப்பையைத் தள்ளிவைத்தேன்.
"குடியுங்கோ," என்றாள்
சத்தத்தைத் தாழ்த்தி,
"நான் சொல்லமாட்டன்."

அன்றிரவு கரண்ட் இல்லை.
நுளம்பு வலைக்குள் போன் வெளிச்சம்.
"அப்பா, நான் இப்ப என்ன நினைக்கிறன்?
சொல்லுங்கோ பாப்பம்."
"ஐஸ்கிரீம்."
"பிழை."
"நேசறி. புது ரீச்சர்."
"பிழை."
"அம்மா."
கொஞ்சம் யோசித்தாள்.
"அதுவும் பிழை."
"அப்ப என்னதான், சொல்லன்."

சொல்லவில்லை,
கண் இரண்டையும் நல்லாய்த் திறந்து
வைத்துக்கொண்டு.