டயருக்கு மருந்தடிப்பவன்

புளியரை சோதனைச் சாவடியில்
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
கேரளாவிலிருந்து இறங்கி வரும் டயர்களுக்கு
மருந்தடிக்கிறேன்.
ஆலப்புழைப் பக்கம் வாத்துகள் செத்தால்
எனக்கு நாற்பது நாள் வேலை.

வண்டி வராத நேரம்
கோமதிநாயகத்தின் செல்போனைத்
தண்ணீர் கேன்மீது சாய்த்து வைத்து
ஜோம்பி படம் பார்க்கிறோம்.
மொழி புரியாது. தேவையும் இல்லை.
செத்தவர்கள் பேசுவதில்லை,
ஓடுகிறவர்கள் கத்துவது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இத்தனை பேர் செத்தும்
ஒருத்தனுக்கும் பதினாறாம் நாள் காரியம் இல்லையே
என்பான் அவன்.
எனக்கு வேறு சந்தேகம்.
இசக்கிக்கு ஒரு காரணம் இருக்கிறது,
தன்னைக் கொன்றவன் பெயர் அவளுக்குத் தெரியும்.
நம்மூர்ப் பேய்கள் எல்லாமே
வழக்கு நிலுவையில் உள்ளவை;
பொங்கலிட்டுக் கேட்டால்
ஏதோ ஒரு பதில் சொல்லும்.
இவர்களுக்கோ பகையில்லை, ஊரில்லை.
உடுப்பில் மட்டும் பழைய வேலை ஒட்டியிருக்கிறது:
ஒரு நர்ஸ், ஒரு தபால்காரன்,
பள்ளிக்கூடப் பையைக் கழற்றாத பிள்ளை.

பல்லைக் கண்டு பயமில்லை எனக்கு.
தெரிந்த முகம் ஒன்று
நம்மைத் தெரியாத மாதிரி வருகிறதே, அதுதான்.
அப்புறம், சொல்ல வெட்கமாக இருக்கிறது,
பக்கத்து வீட்டுக்காரன் மண்டையில்
கடப்பாரையை இறக்கலாம்,
கேஸ் கிடையாது.
அந்த இடம் வந்தால் இரண்டு பேருமே
கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருகிறோம்.

மூன்றாவது படத்தில்தான் கவனித்தேன்:
கேமரா எப்போதும் கதவுக்கு உள்ளே நிற்கிறது.
வெளியே நின்று தட்டுகிறவன் கண்ணுக்கு
அந்தக் கதவு எப்படி இருந்ததென்று
ஒருவரும் எடுக்கவில்லை.

கொரோனா வருஷம் இதே இடத்தில்
தடுப்புக்கு உள்ளே நின்றேன்.
கையில் கம்பு, முகத்தில் துணி.
ஆரியங்காவு வளைவில் முதலில் ஒருத்தன்,
பிறகு ஒன்பது பேர், பிறகு எண்ண முடியவில்லை.
கொல்லத்துக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள்.
செருப்பு அறுந்து, உதடு வெடித்து,
எல்லோரும் ஒரே மாதிரி
சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார்கள்.
அதில் என் மச்சினன் திரவியம்.
அத்தான் என்றான்.
கிட்ட வராதே என்றேன்.
திரும்பவும் அத்தான் என்றான்.
நான் கம்பைக் கொஞ்சம் உயர்த்தினேன்.
அது அவன் கண்ணில் பட்டதா என்று
இன்றுவரை கேட்கவில்லை.
பதினான்கு நாள் வகுப்பறையில் படுத்துக் கிடந்து
நல்லபடியாகத்தான் வீடு வந்தான்.
தீபாவளிக்கு எனக்கும் சட்டை எடுக்கிறான்.
எப்போதும் ஒரு அளவு பெரிதாக.

இரண்டரை மணிக்கு ஒரு கோழி வண்டி.
காலிக் கூண்டுகள், கம்பியில் இறகுகள்.
டிரைவர் ஷிபு கண்ணாடியை இறக்கி,
டயருக்கு அடிக்கிறாய் சேட்டா,
காற்றுக்கு யார் அடிப்பது என்கிறான்
பாதித் தமிழில்.
கணவாய்க் காற்று
எங்கள் மூன்று பேர்மீதும்
ஒரே சாரலைத் தூவிவிட்டுப் போகிறது.

ஆறு மணி. மாற்று ஆள் வந்தாயிற்று.
தூங்காத கால்கள் தாமாகவே வழி போகின்றன.
கை இரண்டும் சும்மா தொங்குகின்றன.
உடம்பெல்லாம் மருந்து வாடை.
தெருமுனையில்
தினமும் நான் பன் போடும் நாய்
எழுந்து நின்று குரைக்கிறது.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
தொண்டை கட்டியிருந்தது,
வந்தது என் குரல் மாதிரி இல்லை.
நாய் ஓரடி பின்னால் போயிற்று.
எங்கோ ஒரு ஜன்னல்
சாத்திக்கொள்ளும் சத்தம்.