வடிகட்டி

ஈஜிபுராவில் எந்தத் தெருவுக்கு எப்போது காவேரி வரும்
என்று ஒரு பக்கம் நடத்துகிறேன்.
கட்டிலடிப் பழைய லேப்டாப்தான் சர்வர்.
என் வாசலை எண்ண அடுத்தவன் கணக்குப்பிள்ளை எதற்கென்று
நாற்பது வரியில் நானே ஒன்று எழுதினேன்.
பெயர் கேட்காது, ஊர் கேட்காது.
வந்தாயா, சரி, ஒரு கோடு.

ஒரு ஞாயிறு விடியலில் நாலாயிரம் கோடுகள்.
பல்கூட விளக்காமல் பூரித்து உட்கார்ந்திருந்தேன்.
பிறகுதான் கண்ணில் பட்டது:
எல்லோருக்கும் ஒரே அகலத் திரை.
ஒருவரும் பக்கத்தைக் கீழே உருட்டவில்லை.
மூன்று நொடிக்கு ஒருவர், தாளம் பிசகாமல்.
தண்ணீருக்கு வரும் கூட்டம்
அப்படியா வரும்?

பொறி வைத்தேன்.
வெள்ளையில் வெள்ளை எழுத்தாய் ஒரு லிங்க்.
'கண்ணுள்ளவர் தொடமாட்டார்' என்று
நிரலில் குறிப்பும் எழுதினேன்.
தொட்டால் எந்திரம். கதவடைப்பு.
நாலாயிரம் அறுபத்தொன்றானது.
அதில் மூன்று நான்.

வியாழக்கிழமை ஒரு போன்.
ஏழாவது கிராஸ், பிலோமினா.
"செவ்வாக்கெழம தண்ணி வந்துட்டுப் போயிருச்சு.
உங்க பக்கம் என்னைய உள்ளவே விடல.
நீ மெஷினுன்னு சொல்லுது."
சொல்லுது என்றார்.
எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.
"ஏதோ லிங்க்னு வாசிச்சுச்சு, தட்டினேன்.
எனக்குப் போன்தாங்க வாசிச்சுக் காட்டும்."

ஒரு சொல் சேர்த்தால் போன் அதை வாசிக்காது, தெரியும்.
ஆனாலும் பொறியையே எடுத்துவிட்டேன்,
அந்தக் குறிப்போடு.

இன்று இருநூற்றுப் பன்னிரண்டு கோடுகள்.
எத்தனை பொய்யோ.
ஏழாவது கிராஸுக்கு
நாளைக் காலை ஐந்தரை.