மரியாதையுடன்

ஐந்துக்கு நான்கு.
கார்ல்ஸ்ரூவே நூலகத்தின் மூன்றாம் மாடியில்
அமெரிக்கத் தீர்ப்பொன்றை
ஜெர்மனில் சுருக்கிக்கொண்டிருக்கிறேன்,
பக்கத்துக்குப் பன்னிரண்டு யூரோ.

பெரும்பான்மைக்கு எழுபது பக்கம்.
ஒரு காற்புள்ளிக்கே பதினொன்று.
அதை இட்டவன்
மைதொட நிறுத்தினானோ என்னவோ.

கடைசியில் மாறுபட்ட நீதிபதி.
எப்போதும் ‘மரியாதையுடன் மாறுபடுகிறேன்’ என்று முடிப்பவள்
இம்முறை முதல் சொல்லை விட்டுவிட்டாள்.

இல்லாத சொல்லை எப்படி மொழிபெயர்ப்பது?
அடிக்குறிப்பு போட்டேன்.
பேராசிரியர் ஹௌக் சிவப்பில் கோடிழுத்தார்:
‘இது சட்டமல்ல.’

டூர்லாக் டிராமில் நின்றபடியே
அவருக்குப் பதில் தட்டினேன்.
‘திருத்தம் கிடைத்தது.’
கீழே வழக்கமான வாழ்த்து இல்லை,
பெயர் மட்டும்.

புதன்கிழமை அடுத்த தீர்ப்பை அனுப்பியிருந்தார்.
ஆறுக்கு மூன்று.
வாழ்த்து இருந்தது,
எப்போதும் இருப்பதுதான்.